கொதி அடங்கட்டும், அப்புறம் மீன்

குளிர்காலத்தில் இறால் உரிப்பது விரல்களுக்கு ஒரு சோதனை. குழாயைத் திறந்தால் பனிக்கட்டி உருகி விழுவது போல இருக்கும். பத்து இறால் முடிவதற்குள் விரல் நுனிகள் மரத்துப்போகும். இறாலின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு மரத்த விரலைக் குத்தினால் வலிக்கவே வலிக்காது. கிண்ணத்துத் தண்ணீர் லேசாகச் சிவந்த பிறகுதான் கையைத் திருப்பிப் பார்ப்போம். அதனால் இப்போதெல்லாம் பக்கத்தில் இன்னொரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்துக்கொள்கிறேன். ஐந்து இறால் உரித்ததும் ஒரு முறை கையை அதில் முக்கி எடுப்பேன். அந்தத் தண்ணீர் என் கைக்கு மட்டும்தான். இறாலை அதில் போட மாட்டேன். அது அடுப்புக்குப் போகும்வரை குளிர்ந்த தண்ணீரிலேயே கிடக்க வேண்டும்.

குளிர்காலத்தில் வீட்டில் மீன் சமைப்பதன் சிக்கல் முழுவதும் இந்த இரண்டு கிண்ணங்களில் இருக்கிறது. நமக்குச் சூடு வேண்டும். மீனுக்கு வேண்டாம். பல வருடம் இது புரியாமல், எனக்கு வேண்டிய சூட்டையெல்லாம் மீனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே குளிர் அடிக்கும்போது வீட்டிலேயே இதமான இடம் அடுப்படிதான். கொதிக்கிற பாத்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டே இருக்கலாம் போல இருக்கும். இன்னும் ஐந்து நிமிடம் கொதிக்கட்டுமே என்று விட்டுவிடுவோம். எலும்புக் கறி என்றால் அந்த ஐந்து நிமிடமும், அதற்கு மேல் ஒரு மணி நேரமும்கூட நல்லதைத்தான் செய்யும். மீனுக்கு அந்த ஐந்து நிமிடமே அதிகம். துண்டு சுருங்கும், விளிம்பு உடையும், வாயில் போட்டால் பஞ்சை மெல்வது போல இருக்கும். அப்புறம் மீன் சரியில்லை என்று மீன் மேல் பழி.

இதற்குக் காரணம் மீன் வாழும் இடத்திலேயே இருக்கிறது. ஆடும் மாடும் தங்கள் எடையைத் தாங்களே சுமந்து நிற்க வேண்டும். அதற்காக அவற்றின் தசைகளைக் கொலாஜன் என்ற நார்ப்பொருள் இறுகக் கட்டி வைத்திருக்கிறது. அந்தக் கட்டு கரைவதற்குத்தான் கறியை அவ்வளவு நேரம் வேகவைக்கிறோம். மீனைச் சுமப்பது தண்ணீர். அதன் தசையில் கொலாஜன் குறைவு. இருக்கிற கொஞ்சமும் 50 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகிவிடும். வெந்த மீன் இதழ் இதழாகப் பிரிகிறதே, அந்த இதழ்களை ஒட்டிவைத்திருந்த மெல்லிய படலம் கரைந்துவிட்டதால்தான் அப்படிப் பிரிகிறது. 55 முதல் 60 டிகிரிக்குள் பெரும்பாலான மீன்களின் சதை கெட்டிப்பட்டு, கண்ணாடி மாதிரி இருந்தது வெள்ளையாக மாறிவிடும். அதற்கு மேலே போகப் போக, சதை தன்னுள் இருக்கும் நீரைத் தானே பிழிந்து வெளியே தள்ளும். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பாதுகாப்புக்காகச் சொல்லும் உள்சூடே 63 டிகிரிதான். கொதிக்கும் தண்ணீரோ 100 டிகிரி. இடைவெளி எவ்வளவு பெரிது என்று பாருங்கள். தளதளவென்று கொதிக்கும் பாத்திரத்தில் மீனைப் போட்டுவிட்டுத் துணி மடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் அது எல்லையைத் தாண்டிப் போயிருக்கும்.

என் அத்தை இந்தக் கணக்கெல்லாம் பேசியதில்லை. "மீனைப் போட்டுட்டு அடுப்பை விட்டு நகராதே கண்ணு, அது உனக்காகக் காத்திருக்காது" என்பார். அவர் மீன் போடும் நேரத்தில் யார் கூப்பிட்டாலும் பதில் வராது. அப்போது எனக்கு அது பிடிவாதமாகத் தெரிந்தது. இப்போது நானும் அப்படித்தான் நிற்கிறேன்.

ஆகவே பாத்திரத்தில் நடப்பதை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். நெடுநேரம் கொதிக்க வேண்டியது சாறு. கடைசியில் கொஞ்ச நேரம் அதில் கிடந்து எழ வேண்டியது மீன். குளிருக்கு நாம் கேட்கிற சூடு, மணம், காரம், கெட்டித்தன்மை எல்லாம் சாற்றில் வந்துவிட வேண்டும். மீன் வந்து சேரும்போது அதற்காக எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

சாற்றுக்கு நான் முதலில் எடுப்பது இறால் ஓடும் தலையும். பலர் இவற்றைத் தூக்கிப் போடுவதைப் பார்க்கும்போது மனசு பொறுக்காது. ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது. அடி கனமான பாத்திரத்தில் எண்ணெய் விட்டு, நன்றாகக் காய்ந்ததும் ஓடுகளைப் போடுங்கள். ஈரம் இருப்பதால் முதலில் சடசடவென்று வெடிக்கும். சாம்பல் நிறத்தில், கொஞ்சம் நீலம் ஓடியிருந்த ஓடு உங்கள் கண்ணெதிரே ஓரத்திலிருந்து சிவக்கத் தொடங்கும். அந்தச் சிவப்பு புதிதாக வருவதில்லை. அஸ்டாக்சாந்தின் என்ற நிறமி முன்பே ஓட்டில் இருக்கிறது. ஒரு புரதம் அதைப் பிடித்து வைத்திருப்பதால் உயிரோடு இருக்கும்போது நீலமும் சாம்பலுமாகத் தெரிகிறது. சூடு பட்டதும் புரதம் பிடியை விட, நிறமி தன் சொந்த நிறத்தைக் காட்டுகிறது. நண்டு சிவப்பதும் இப்படித்தான். அந்த நிறமி எண்ணெயில் கரையும். கரண்டியின் பின்பக்கத்தால் தலைகளை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். உள்ளிருந்து வரும் கொழுப்பு எண்ணெயோடு கலந்து செம்மஞ்சளாகப் பரவும். அடுப்படி முழுக்க ஒரு வறுத்த வாசனை எழும். கடலை வறுக்கும்போது வருமே, அதற்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வரும் வாசனை. அந்த நேரத்தில் வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகு, இரண்டு தக்காளி. வதங்கியதும் தண்ணீர்.

இதுவும் மணிக்கணக்கில் கொதிக்க வேண்டாம். 25, 30 நிமிடம் போதும். மீன் எலும்பும் தலையும் போட்டால்கூட அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து சாறு கலங்கி, ருசி மங்கிவிடும். தலையைப் போடுவதாக இருந்தால் செவுளை முழுதாகப் பிடுங்கிவிடுங்கள். கசப்பும் கலங்கலும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன. நடுமுள்ளை ஒட்டி உறைந்திருக்கும் ரத்தத்தையும் விரல் நகத்தால் சுரண்டிக் கழுவிவிட வேண்டும். கொழுப்பு மீன்களின் எலும்பைச் சாற்றுக்கு நான் எடுப்பதில்லை. கானாங்கெளுத்தி, மத்தி, சால்மன் எல்லாம் கொதிக்கக் கொதிக்க எண்ணெய் வாடை அடிக்கும். வெள்ளைச் சதை மீன்தான் சாற்றுக்குச் சரி.

வடிகட்டிய சாற்றை மறுபடி அடுப்பில் ஏற்றி, வேக நேரமாகும் காய்களை அதில் முதலில் போட்டுவிடுவேன். உருளைக்கிழங்கு, கேரட், பூசணி, எது கையில் இருக்கிறதோ அது. உப்பு, புளிப்பு, காரம் மூன்றையும் இந்தக் கட்டத்திலேயே சரிபார்த்துவிட வேண்டும். மீன் விழுந்த பிறகு கிளறிக் கிளறி ருசி பார்த்துக்கொண்டிருந்தால் துண்டுகள் நொறுங்கிவிடும். கிழங்கு கத்தி இறங்கும் பதத்துக்கு வந்ததும் தீயைக் குறைக்கிறேன். பெரிய கொதி அடங்கி, ஓரத்தில் மட்டும் ஒன்றிரண்டு குமிழி மெதுவாக எழும். அப்போதுதான் மீன். இரண்டு செ.மீ. கனமுள்ள துண்டு என்றால் மூடி போட்டு ஐந்து, ஆறு நிமிடம். கரண்டியைத் தொடுவதே இல்லை. தேவைப்பட்டால் பாத்திரத்தின் இரு காதுகளையும் பிடித்து ஒரு சுழற்று.

அடுப்பை அணைத்து, பாத்திரத்தின் சூட்டிலேயே வேகவிடும் வழியும் உண்டு. வெயில் காலத்தில் அது நன்றாக நடக்கும். குளிர்காலத்தில் மெல்லிய பாத்திரமாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும், நடுவில் மட்டும் வேகாமல் நின்றுபோகும். அதனால் மெல்லிய பாத்திரத்துக்குச் சிறுதீ. மண்சட்டிக்கு எதிர்க்கணக்கு. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் அது சில நிமிடம் கொதித்துக்கொண்டே இருக்கும். எனவே மீன் முக்கால் பதம் வந்ததுமே அடுப்பை அணைத்துவிட வேண்டும். சட்டியை இறக்கிவிட்டோம், சமையல் முடிந்தது என்று நினைப்பதில்தான் பல நல்ல துண்டுகள் வீணாகின்றன.

பதம் என்று சொன்னேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். மீன் பாத்திரத்தில் அந்தக் கணக்கு செல்லாது. வால் துண்டும் நடுத்துண்டும் ஒரே மீன்தான், ஆனால் கனம் வேறு. வால் துண்டு வெந்து முடிந்தபோது நடுத்துண்டு முள்ளோரத்தில் பச்சையாக இருக்கும். அதனால் கனமான துண்டுகள் முதலில், இரண்டு நிமிடம் கழித்து மெல்லியவை. பதம் பார்க்க மிகக் கனமான துண்டில், நடுமுள்ளை ஒட்டிய இடத்தில் கத்தி முனையை மெதுவாக நுழைத்துத் திருப்பிப் பார்க்கிறேன். சதை முள்ளைவிட்டு இலேசாகப் பிரிந்து, உள்ளே கண்ணாடித் தன்மை போய்விட்டிருந்தால் போதும். உள்சூடு அளக்கும் சின்ன வெப்பமானி இருந்தால் சந்தேகமே இல்லை. வீட்டில் குழந்தைகளோ வயதானவர்களோ கர்ப்பிணிகளோ இருந்தால் அந்த 63 டிகிரியைப் பார்த்துவிட்டே இறக்குங்கள்.

இறாலுக்கு இதெல்லாம் வேண்டாம், அதுவே காட்டிக் கொடுத்துவிடும். கொஞ்சம் வளைந்து, சதை முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாக மாறியிருந்தால் எடுத்துவிடலாம். வால் தலையைத் தொடும் அளவுக்கு இறுகச் சுருண்டுவிட்டால் தாமதமாகிவிட்டது. கணவாய் மட்டும் தனி ஜாதி. அதன் தசையில் கொலாஜன் மீன்களைவிட அதிகம். ஒன்று, பலமான தீயில் இரண்டு நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் முக்கால் மணி, ஒரு மணி நேரம் சிறுதீயில் விட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எந்த நேரத்தில் எடுத்தாலும் ரப்பர்தான். குளிர் நாளில் நான் இரண்டாவது வழிக்குத்தான் போவேன். அடுப்படியில் நெடுநேரம் நிற்கும் ஆசையைத் தீர்த்துவைக்கிற கடல் உணவு அது.

அடுத்தது வறுவல். குளிர்காலத்தில் மீன் சட்டியில் ஒட்டுகிறது, பொன்னிறம் வருவதில்லை என்று எத்தனையோ பேர் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். நானும் அலுத்துக்கொண்டவன்தான். விஷயம் ஈரமும் சூடும்தான். மேலே நீர் இருக்கிறவரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் வறுத்த மணமும் வருவதற்கு மேற்பரப்பு 140 டிகிரி அளவுக்காவது ஏற வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சில்லென்ற துண்டை, பாதி காய்ந்த சட்டியில், நாலைந்தாக நெருக்கிப் போட்டால் சட்டியின் சூடு சட்டென்று இறங்கிவிடும். மீனிலிருந்து தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரிலேயே மீன் வேகும். அதை வறுவல் என்று சொல்ல முடியாது.

நான் செய்வது இது. சமைப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் துண்டுகளில் உப்பு தடவி, குளிர்பெட்டியிலேயே வைத்துவிடுகிறேன். உப்பு மேல் நீரை இழுத்து வெளியே கொண்டுவரும். சட்டி காய்ந்துகொண்டிருக்கும்போது துண்டுகளைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுக்கிறேன். தோலில் ஈரம் துளிகூட இருக்கக் கூடாது. எண்ணெய் நன்றாகக் காய்ந்து மெல்ல அலையடிக்கும்போது, தோல் பக்கம் கீழே இருக்கும்படி இரண்டே இரண்டு துண்டு. தோல் சுருங்கிக் குவியப் பார்க்கும். பத்து, பதினைந்து விநாடி தட்டைக் கரண்டியால் லேசாக அழுத்திப் பிடித்தால் அடங்கிவிடும். அதன் பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தோல் முறுகியதும் அதுவே சட்டியை விடும். இழுத்துப் பார்த்து வரவில்லை என்றால் இன்னும் நேரமாகவில்லை என்று பொருள். முக்கால்வாசி வேக்காடு தோல் பக்கத்திலேயே முடிய வேண்டும், திருப்பியபின் ஒரு நிமிடம் போதும். சாப்பிடும் தட்டுகளைச் சுடுதண்ணீரில் கழுவித் துடைத்து வைத்திருப்பேன். மீன் துண்டு மெல்லியது. குளிர்ந்த பீங்கான் தட்டில் வைத்தால் முதல் கவளத்துக்குள் அதன் சூட்டைத் தட்டு குடித்துவிடும்.

சாறு இந்த விஷயத்தில் நம் பக்கம். மேலே மிதக்கும் அந்தச் செம்மஞ்சள் எண்ணெய்ப் படலம் ஆவி போவதைத் தடுத்து, உள்ளே சூட்டைப் பிடித்துவைக்கும். மேலே ஆவியே தெரியாமல் இருக்கும் கிண்ணம் நாக்கைச் சுட்டுவிடுவது இதனால்தான். சின்னவர்களுக்கு ஊற்றும்போது கவனம்.

அப்புறம் வாடை. குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு மீன் வறுத்தால் மூன்று நாள் வரை வீடு அதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். கடல் மீனின் சதையில் ட்ரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற பொருள் இருக்கிறது. உப்புக் கடலில் உடம்பின் நீரைக் காப்பாற்றிக்கொள்ள மீனுக்கு உதவும் பொருள் அது, அதற்கு வாடை கிடையாது. மீன் இறந்தபின் நுண்ணுயிர்கள் அதை ட்ரைமெத்திலமைனாக மாற்றுகின்றன. நாம் கவுச்சி என்று மூக்கைச் சுளிப்பது பெரும்பாலும் இதைத்தான். எலுமிச்சையோ புளியோ வினிகரோ பட்டால் அது காற்றில் பறக்காத வடிவத்துக்கு மாறிவிடும். மீனுக்குப் புளிப்பு சேர்ப்பதில் ருசியோடு இதுவும் நடக்கிறது. நல்ல மீனாக இருந்து, ஓடும் தண்ணீரில் ஒரு முறை கழுவி, புளிப்பான சாற்றில் சிறுதீயில் வேகவைத்தால் வாடை வீட்டை நிறைப்பதில்லை. வறுவலில் தெறிக்கும் எண்ணெய்த் துளிகள்தான் திரைச்சீலையிலும் போர்வையிலும் போய் உட்காருகின்றன. கம்பளி வாடையை நன்றாக இழுத்துவைத்துக்கொள்ளும். அதனால் அடுப்படிக்குள் போகும் முன் ஸ்வெட்டரையும் சால்வையையும் கழற்றி வேறு அறையில் வைத்துவிடுங்கள். தொங்கும் சால்வை நெருப்பருகே ஆபத்தும்கூட. குளிராக இருந்தாலும் ஒரு ஜன்னலை நான்கு விரல் அளவு திறந்துவையுங்கள். எரிவாயு அடுப்பு எரியும் அறைக்குக் காற்று வேண்டும். மழை, பனி என்று கரி அடுப்பை வீட்டுக்குள் தூக்கிவந்து மீன் சுடுவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய அறையில் அது உயிரை எடுத்துவிடும்.

நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். அன்று காலை நல்ல கானாங்கெளுத்தி கிடைத்தது. கண் பளபளவென்று, செவுள் சிவப்பாக, வயிறு விறைப்பாக இருந்தது. அடுப்படி அவ்வளவு சில்லென்று இருந்ததால் குளிர்பெட்டியில் வைக்கத் தோன்றவில்லை. மேடையிலேயே மூடிவைத்துவிட்டு மாலைதான் எடுத்துச் சமைத்தேன். வாடை எதுவும் இல்லை, ருசியும் நன்றாகவே இருந்தது. சாப்பிட்டு அரை மணி நேரத்தில் என் மனைவிக்கு முகமும் கழுத்தும் சிவந்து எரிந்தன. எனக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. மீன் ஒவ்வாமை என்று நினைத்துப் பயந்துபோனோம். மருத்துவர் விசாரித்துவிட்டு, அது மீனில் உண்டாகியிருந்த ஹிஸ்டமின் என்ற பொருளின் வேலை என்றார்.

கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. மீன் போதுமான குளிரில் இல்லாவிட்டால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒரு தடவை உண்டாகிவிட்டால் கொதிக்கவைத்தாலும் வறுத்தாலும் உறையவைத்தாலும் அது போகாது. மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது. நமக்கு நடுக்கம் எடுக்கிற 14, 15 டிகிரி அறை மீனுக்குக் குளிரே இல்லை. குளிர்ந்த கடலில் வாழ்ந்த மீனின் நொதிகளும் அதன் மேல் ஒட்டிவந்த நுண்ணுயிர்களும் குளிரில் வேலை செய்து பழகியவை. கறி தாங்குகிற குளிரில்கூட மீன் வேகமாகக் கெடுவது இதனால்தான். குளிர்பெட்டிக்குள் 4 டிகிரிக்குக் கீழே, முடிந்தால் ஐஸ் துண்டுகளுக்கு நடுவே, ஐஸ் உருகிய நீர் மீனில் தேங்காமல் வடிகிற மாதிரி வைக்க வேண்டும். வெளியே பனி கொட்டினாலும் மாடத்தில் வைப்பது சரியில்லை, வெயில் ஒரு மணி நேரம் எட்டிப் பார்த்தாலே கணக்கு மாறிவிடும். அன்றிலிருந்து மீன் வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலை அதைக் குளிர்பெட்டியில் சேர்ப்பதுதான். செருப்பைக் கழற்றுவதுகூட அப்புறம்தான்.

உறைந்த மீனை உருகவைப்பதிலும் இதே அவசரம் நம்மை ஏமாற்றும். குளிர்காலத்தில் மேடையில் வைத்தால் உருகவே மாட்டேன் என்னும், சுடுதண்ணீரை ஊற்றிவிடலாமா என்று கை பரபரக்கும். ஊற்றினால் வெளிப்புறம் வெந்து உள்ளே கட்டியாக நிற்கும். முந்தின இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவது நல்லது. மறந்துவிட்டால் காற்றுப் புகாத பையில் போட்டு, குளிர்ந்த தண்ணீரில் முக்கி வையுங்கள். பெரும்பாலான துண்டுகள் ஒரு மணி நேரத்துக்குள் உருகிவிடும். காற்றை உறிஞ்சி அடைத்த உறையில் வந்த மீன் என்றால், குளிர்பெட்டியில் உருகவைப்பதற்கு முன் அந்த உறையைப் பிரித்துவிட வேண்டும். காற்றில்லாத இடத்தில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும் ஒருவகை பாட்டுலினம் கிருமிக்குக் குளிர்பெட்டியின் குளிர்கூடத் தடையில்லை.

மட்டி, சிப்பி வகைகளில் மட்டும் நான் கட்சி மாறிவிடுவேன். குறைந்த சூடு, குறைந்த நேரம் என்று இவ்வளவு நேரம் சொன்னதை இங்கே மறந்துவிடுங்கள். குளிர்காலத்தில் சிப்பியைப் பச்சையாகவே சாப்பிடலாம் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சூடான கடல்நீரில் பெருகும் விப்ரியோ பாக்டீரியா குளிரில் குறைவது உண்மைதான். ஆனால் வாந்தியும் பேதியும் கொண்டுவரும் நோரோவைரஸ் குளிர்காலத்தில்தான் அதிகம் பரவுகிறது. சிப்பிகள் நாள் முழுதும் தண்ணீரை வடிகட்டியே வாழ்பவை, நீரில் இருப்பதெல்லாம் அவற்றின் உடம்பில் சேரும். அந்த வைரஸ் 60 டிகிரியைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். ஓடு திறந்ததும் உடனே எடுத்துவிடும் அவசர ஆவி போதாது. திறந்த பிறகும் கொதிக்கும் சாற்றில் 3 முதல் 5 நிமிடம் விடுங்கள். சதை கொஞ்சம் சுருங்கும், சுருங்கட்டும். சமைக்கும் முன் வாய் திறந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள், மூடிக்கொள்ளவில்லை என்றால் அது உயிரோடு இல்லை. வெந்த பிறகும் திறக்காததையும் ஒதுக்கிவிடுங்கள். உயிருள்ள மட்டியைக் குழாய்த் தண்ணீரில் ஊறப்போடுவதும், பையில் இறுகக் கட்டிவைப்பதும் அதைக் கொன்றுவிடும். ஈரத்துணி போர்த்திக் குளிர்பெட்டியில் வைத்தால் போதும்.

இந்தக் குளிரில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவு என்றால் சாறுதான். போன வாரம் மீனைப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தபோது மகள் கூடத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டாள். நான் பதில் சொல்லவில்லை. மூன்றாவது முறை அவளே எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். மூடியின் ஓரத்தில் ஆவி முத்து முத்தாகக் கட்டியிருந்தது, ஜன்னல் கண்ணாடி முழுக்க மூடுபனி. "மீன் போட்டாச்சாப்பா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, ஸ்வெட்டரைக் கழற்றி வாசலுக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். ஆறு நிமிடம் ஆனதும் நான் அடுப்பை அணைத்தேன். அவள் கிண்ணங்களைச் சுடுதண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்து வரிசையாக வைத்தாள்.

சாப்பிட்டு முடித்தபின் மிச்சச் சாற்றை வடித்து, அகலமான பாத்திரத்தில் ஊற்றிச் சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்பெட்டிக்குள் வைத்தேன். காலையில் பார்த்தால் எலும்பிலிருந்து வந்த பசையால் லேசாகக் கட்டிப்பட்டு, தட்டினால் நடுங்கியது. அன்று உரித்த இறால் ஓடுகளும் உறைபெட்டியில் ஒரு பையில் இருக்கின்றன. இன்னொரு கைப்பிடி சேர்ந்தால் அடுத்த பாத்திரத்துக்குக் காணும்.